களனி பெருகுமா என்று கொழும்பு வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது

வன்னியில் வெள்ளம் என்றால் மாரிதான். கார்த்திகை, மார்கழியில் கனகராயன் ஆறு பெருகும், இரணைமடு நிரம்பும், வான்கதவு திறப்பார்கள். கொழும்புக்கு வரும் களனி ஆற்றின் கணக்கு வேறு. வைகாசி, ஆனியில் சோளகம் வீசி எங்கட பக்கம் காயும்போதுதான் மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். பிள்ளைகள் மட்டக்குளி, வத்தளை, கொலன்னாவைப் பக்கம் வாடகைக்கு இருந்தால் அந்த மாதங்களில் ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள்.

"மேலே காசல்ரீ, மவுசாகலை இருக்கே, தண்ணியைப் பிடித்து வைக்காதா?" என்று குளத்தோடு வாழ்கிறவர்கள் கேட்பது நியாயம். அவை மின்சாரத்துக்குக் கட்டிய நீர்த்தேக்கங்கள். உச்சி மலைத் தண்ணீரை மட்டும் மறிக்கும். தெரணியகலைப் பக்கமிருந்து வரும் சீதாவக்கை ஆறும் குருகொட ஓயாவும் அவற்றுக்குக் கீழேதான் களனியில் சேர்கின்றன. அங்கே மறிக்கப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது.

ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் மட்டங்களை மேலிருந்து கீழாகப் படியுங்கள். கிதுல்கலை, தெரணியகலை ஏறினால் கவனம். முக்கியமானது ஹங்வெல்லை அளவுகோல்: 7 மீற்றர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். அது ஏறிக்கொண்டிருந்தால், கொழும்பில் வெயில் எறித்தாலும் சாமான்களை மேலே தூக்கிவிட வேண்டும். கடைசி அளவுகோல் நாகலகம் வீதி. அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். பலர் பிழைவிடுவது இங்கேதான்: இதே மட்டத்தைச் சில அறிக்கைகள் மீற்றரில் தரும். 1.5 என்று கண்டு "இவ்வளவுதானே" என்று இருந்துவிடுவார்கள். அது 5 அடி!

ஹங்வெல்லைக்குக் கீழே நிலம் தட்டை. தண்ணீர் மெதுவாக ஏறி, மெதுவாகத்தான் வடியும். 2016 வைகாசியில் கொலன்னாவையில் மழை விட்ட பிறகும் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது.

அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், வீடு வெள்ளத்தடுப்பு அணைக்கு உள்ளேயா, ஆற்றுப் பக்கமா என்று கேளுங்கள். ஆற்றுப் பக்கம் என்றால் முதலில் மூழ்குவது அதுதான். உள்ளே இருந்தாலும் முழு நிம்மதி இல்லை: ஆறு ஏறும்போது அணையின் கதவுகளைப் பூட்டுவார்கள், நகரத்தில் பெய்த மழைக்கு வெளியேற வழியிருக்காது, வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கீழ்மாடி அறை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கவேண்டாம்.

பிள்ளையின் தொலைபேசியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐப் பதிந்து வையுங்கள்.