போகாத இலங்கைக்கு வந்த பில்

தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஊரே புத்திமதி சொல்லும். தொப்பி எடுத்துக்கோ, தண்ணி பாட்டில் எடுத்துக்கோ, கடலில் இறங்காதே, இருட்டுவதற்குள் திரும்பிவிடு. போனில் டேட்டா ரோமிங்கை, அதாவது வேறு கம்பெனி டவர் வழியாக இன்டர்நெட் எடுப்பதை, அணைத்துவிட்டுப் போ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இப்போது அண்ணன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ராமேஸ்வரம் பக்கமே போகாதவர்கள் உட்பட.

காலாண்டு லீவில் மதுரையிலிருந்து காரில் கிளம்பினோம். அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பையன், நான். அம்மாவுக்கு ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, ஆனாலும் எல்லாரும் நிறுத்துகிறார்கள், நாங்களும் நிறுத்தினோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை, நடுப்பகுதி மட்டும் அப்படியே மேலே உயரும் அந்தப் பாலத்தை, பையன் விதவிதமாகப் படம் எடுத்தான். கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஈரப் புடவையோடு ஒவ்வொரு கிணறாக நடந்து முடித்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, வந்த வேலை முடிந்தது என்று தோன்றியது. சாப்பிட்டுவிட்டு அப்படியே தனுஷ்கோடிக்கு வண்டியை விட்டோம்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் சாலை கடலுக்கு நடுவில் கோடு இழுத்தது மாதிரி போகிறது. 2017 வரை இந்த இடத்தில் மணலில் வேன்கள்தான் குலுக்கிக்கொண்டு போகும். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. இடதுபக்கம் அலையே இல்லாமல் கிடப்பதைப் பெண் கடல் என்றும், வலதுபக்கம் சீறுவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். காற்று வாரிப் போட்ட மணல் சாலையின் ஓரத்தை மூடியிருக்கும். டிரைவிங் தெரிந்தவர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

பழைய சர்ச் இருக்கும் இடத்தில் இறங்கினோம். கூரை கிடையாது, பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர்கள் மட்டும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும் கடலும் விட்டுவைத்தது இவ்வளவுதான். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அன்று கடல் கொண்டுபோனது. அதற்கு முன்னால் இங்கே ஸ்டேஷன் இருந்தது, போஸ்ட் ஆபீஸ் இருந்தது, சுங்க அலுவலகம் இருந்தது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகலாம். 1914இல் தொடங்கிய ஏற்பாடு. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரி அன்றைக்குக் கரையில் நின்றார்.

சர்ச்சுக்கு எதிரே ஓலைக் கொட்டகைகள். சங்கு, சோழி மாலை, பொரித்த மீன். விளைமீனைக் கீறி மிளகாய்த்தூள் அப்பி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் இடுப்பில் பட்டன் போன் ஒன்று செருகியிருந்தது. நான் வீட்டுக்குப் பேசப் பார்த்தேன், லைன் போகவில்லை. திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தது. அந்த அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பி, அந்தச் சர்ச்சு சுவத்துக்கு அந்தாண்ட போய் நின்னு பேசுங்க. இங்கன நின்னா அந்தக் கரை டவர்தான் எடுக்கும்."

அதே நேரத்தில் அண்ணனின் போனில் டிங் என்று ஒரு சத்தம். 'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஆரம்பித்து, நிமிடத்துக்கு இவ்வளவு, எம்பிக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதினி, "பாஸ்போர்ட் எடுத்துட்டு வரலையே" என்றார். அண்ணன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். அந்தப் படம் குரூப்புக்குப் போனதே இலங்கை டவர் வழியாகத்தான் என்பது பில் வந்த பிறகுதான் புரிந்தது.

அப்புறம் அரிச்சல்முனைக்குப் போய், சாலை முடியும் வட்டத்தில் நிற்கும் அசோகத் தூணுக்குக் கீழே படம் எடுத்து, இரண்டு கடலும் சேரும் மணலில் நடந்து, போலீஸ்காரர் விசில் ஊதும் வரை அங்கேயே இருந்தோம். அண்ணன் போனை வெளியே எடுக்கக்கூட இல்லை. ஆனால் சட்டைப் பைக்குள் அது சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு எடுத்த பாலம், கோயில், கடல் அத்தனை படங்களையும் வீடியோக்களையும் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த மாத பில்லில் வழக்கமான தொகைக்கு மேலே நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், சர்வதேச ரோமிங் என்று.

என் போனுக்கு ஒன்றும் ஆகாமல் அவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், என்னுடையது சர்வதேச பேக் போடாத ப்ரீபெய்ட். இலங்கை டவரைத் தொட்டாலும் உள்ளே விடமாட்டார்கள். அண்ணனுடையது போஸ்ட்பெய்ட். ஆபீஸ் வேலையாக அடிக்கடி சிங்கப்பூர் போவதால் வெளிநாட்டு ரோமிங் எப்போதும் திறந்தே இருக்கும். சிங்கப்பூருக்குத் திறந்த கதவு தலைமன்னாருக்கும் திறந்துதானே இருக்கும்.

இதன் சூட்சுமம் எனக்குச் சுவாரசியமாக இருந்ததால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பழைய 2ஜி முறையில் ஒரு டவர் சாதாரணமாக எட்டக்கூடிய தொலைவின் உச்சவரம்பே 35 கிலோமீட்டர்தான். 4ஜியில் அதைவிடத் தூரமும் சாத்தியம். ஊருக்குள் கட்டடமும் மரமும் சிக்னலைத் தின்றுவிடுவதால் இந்த எல்லையை நாம் உணர்வதே இல்லை. நடுவில் வெறும் தண்ணீர் என்றால் தடுக்க என்ன இருக்கிறது? போன் முதலில் தன் சொந்தக் கம்பெனி டவரைத்தான் தேடும். அது மெலிந்து அறுந்துபோனால், அனுமதி உள்ள வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும். வம்பு அதற்கப்புறம்தான். வெளிநாட்டு டவரைப் பிடித்த போன், சொந்த டவர் திரும்பக் கிடைக்கிறதா என்று நொடிக்கு நொடி பார்ப்பதில்லை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தேடலாம் என்பது சிம் கார்டிலேயே எழுதியிருக்கும். 6 நிமிடத்திலிருந்து 8 மணி நேரம் வரை எப்படியும் வைக்கலாம்; எதுவும் எழுதாவிட்டால் 1 மணி நேரம். அதனால் நம் டவர் நன்றாக எடுக்கும் இடத்துக்குத் திரும்பி வந்த பிறகும், அந்தக் கரை சிக்னல் அறுந்துபோகாத வரை, போன் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க முடியும்.

இங்கிலாந்தில் டோவர் பக்கத்துச் செயின்ட் மார்கரெட்ஸ் பே கடற்கரையிலும் இதே கதைதான். அங்கே பிரான்ஸ் டவர் எடுக்கும். ஆனால் அங்கே போனின் கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் குதித்துவிடுவதால் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். நமக்கு அந்த உதவியும் கிடையாது. 2006இலிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்தத் தேதியில நீங்க ஸ்ரீலங்கால இருந்திருக்கீங்க."

"நான் ராமேஸ்வரத்துல இருந்தேம்மா."

"சிஸ்டத்துல ஸ்ரீலங்கான்னு காட்டுது சார்."

அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தீர்த்தச் சீட்டு இருக்கிறது, லாட்ஜ் பில் இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் காசு எடுத்த மெசேஜ் இருக்கிறது என்று அடுக்கினார். சொந்த நாட்டில்தான் இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு மனிதர் கோயில் சீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமல், "அந்தக் காலத்துல ராத்திரி பூரா சிலோன் ரேடியோ கேட்டோம். ஒருத்தனும் பில் அனுப்பலையே" என்றார்.

அம்மா பிறந்தது ராமநாதபுரம் பக்கம். அந்தக் கரையோரத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்கும். எண்பதுகளில் எங்கள் மாமா வீட்டு மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனா நட்டு இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்தது எனக்கே லேசாக ஞாபகம் இருக்கிறது. புள்ளி புள்ளியாகத் தெரியும் கிரிக்கெட்டுக்குத் தெருவே வந்து உட்காரும்.

எல்லையோரத்தில் இப்படி ஆகும் என்பது கம்பெனிகளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சட்டத்திலேயே, எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் தங்களை அறியாமல் ரோமிங்கில் விழுந்துவிடாதபடி நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. காலையில் ராமேஸ்வரம் டவரில் இருந்த போன், மதியம் இலங்கை டவரில், இரவு மறுபடியும் ராமேஸ்வரம் டவரில். நடுவில் விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. ஒருகாலத்தில் உள்நாட்டிலேயே இந்தத் தொல்லை இருந்தது. ஓசூரில் இருந்த என் நண்பனுக்கு மொட்டைமாடிக்குப் போனால் கர்நாடகா டவர் எடுத்து, வருகிற அழைப்புக்கும் காசு போகும். 2017 வாக்கில் கம்பெனிகள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டதும் அது ஒழிந்தது.

பலமுறை பேசி, மெயில் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டுகள் அனுப்பிய பிறகு, 'நல்லெண்ண அடிப்படையில்' என்று சொல்லிப் பாதித் தொகையைக் கழித்தார்கள். மீதியை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்.

தனுஷ்கோடி போகிறவர்கள் ராமேஸ்வரத்திலேயே செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இது டேட்டாவுக்குத்தான் பூட்டு. வெளிநாட்டு டவரில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தாலும் காசுதான். அதனால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் கம்பெனி பெயரை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டால் வேறு டவருக்குத் தாவாது. சிக்னல் இல்லாமல் போகலாம், பரவாயில்லை, சர்ச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் நின்று பாருங்கள். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். கோடியக்கரை போன்ற, இலங்கைக்கு முகம் காட்டும் கரைகளுக்குப் போனாலும் இதைச் செய்து வைப்பது நல்லது.

அண்ணன் வெளிநாட்டு ரோமிங்கையே மொத்தமாக மூடச் சொல்லிவிட்டார். இனிமேல் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்கிறாராம்.