ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போட அனுமதி வாங்கின பாடு

ஞாயிறானால் எங்கள் டவுனுக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து ஆட்கள், பஸ் வரும்வரை கடைப்படியில்தான் உட்கார வேண்டும். கடைக்காரர் தண்ணீர் தெளித்தால் அதுவும் போச்சு. சந்தைக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், இரண்டு கார் நிற்கிற இடத்தில், ஒரே ஒரு நாள் பெஞ்சும் தறப்பாளும் கரம் போர்டும் போட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

பிரதான வீதி ஓரத்தை நினைக்கவே வேண்டாம். ஹட்டன், தலவாக்கலை வழியாகப் போகும் ஏ7 போன்ற வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். உள்ளூர் சபை சரி என்றாலும் போதாது.

சபைக் கந்தோரில் கிளார்க்கின் முதல் கேள்வி: "என்ன விக்கப் போறீங்க?"

"ஒன்றும் இல்லை சேர், ஆட்கள் உட்காரத்தான்."

"விக்காட்டி எதுக்குத் தம்பி இடம்?"

தற்காலிகக் கடைக்குப் படிவம் இருந்தது, சும்மா உட்காருவதற்கு இல்லை. அப்புறம் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிவரச் சொன்னார். 1988 இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 16 ஆவது திருத்தத்தின்படி தமிழில் கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம் என்று எங்களோடு வந்த அக்கா பணிவாகவே சொன்னார். கிளார்க் வாங்கிக்கொண்டார். பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் நாங்கள் நகரவில்லை. அந்த முத்திரைதான் பிறகு 'கடிதமே வரலையே' என்றவரின் வாயை அடைத்தது. பொலிஸ் விஷயம் சுலபம், ஒலிபெருக்கி இல்லை என்றதும் முடிந்தது.

அனுமதிக் கடிதத்தோடு காலையில் போனால், டிக்கட் கிழிக்கும் பையன் வழி விடவில்லை. தரிப்பிடக் கட்டணத்தை டெண்டரில் எடுத்தவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லையாம். ஞாயிறு என்பதால் கந்தோரும் பூட்டு. நியாயமாக அந்தப் பையன் மேல் கோபப்பட முடியாது, ஆனால் பட்டோம்.

2005 இல் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற குழு மீட்டரில் காசு போட்டே ஒரு கார் இடத்தைச் சின்னப் பூங்காவாக்கியது. அதில் தொடங்கியதுதான் பல நாடுகளுக்குப் பரவிய 'பார்க்கிங் டே'. சரி, நாமும் காசு கட்டுவோம் என்று இரண்டு காருக்கு டிக்கட் கேட்டோம். பையன் போனில் முதலாளியைக் கேட்டுவிட்டுக் கிழித்துக் கொடுத்தான். பெஞ்சுகள் இறங்கின.

பை மூட்டையோடு வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள். "காசு எவ்வளவு?" என்று கேட்ட ஆயா ஒருவரை உட்கார வைத்த பிறகு இடம் காலியாகவே இல்லை. சவாரி கெடும் என்று முறைத்த ஓட்டோக்காரர்கள்தான் கரம் போர்டை விடவில்லை.

செய்யப் போகிறவர்கள் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் பார்த்து வையுங்கள். பின்னேர மழை எங்கள் தறப்பாளைச் சாய்த்துவிட்டது. கயிறு கூடுதலாக எடுங்கள்.

அடுத்ததுக்கும் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை அடியில் 'பிரதி: தரிப்பிடக் கட்டண ஒப்பந்தக்காரர்' என்று போட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம்.