கையால் ஓடும், கரண்ட் போய் வந்தால் ஓடாது: ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் செய்து பார்த்தது

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும், ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளம்) போட்ட ரவுட்டரில் இருக்கும் டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் நிரல் தானாகக் கிளம்ப மறுத்தது. எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து கையால் ஓட்டினால் உடனே ஓடியது. ரவுட்டரின் உள் சேமிப்பான ஃப்ளாஷ் 16 எம்பிதான் என்பதால், தொகுப்புகளை நிறுவும் ஓபிகேஜியில் வேறு இடம் காட்டித் தொகுப்பைப் பென்டிரைவில் நிறுவியிருந்தது. சிக்கலின் வேர் அங்கேதான்.

முதலில், பூட் ஆகும்போது நிரலைக் கிளப்பும் இனிட் ஸ்கிரிப்ட். அதுவும் பென்டிரைவுக்குள் போய்விடும். அங்கிருந்தபடி எனேபிள் (பூட்டில் தானாக ஓட வைக்கும் கட்டளை) கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது, /எட்சி/ஆர்சி.டி-யில் இணைப்பும் உருவாகும். ஆனால் அந்த இணைப்பு /எட்சி/இனிட்.டி-யில் இல்லாத கோப்பைக் காட்டும். ஸ்கிரிப்டை அங்கே நகலெடுத்து, உள்ளே நிரலின் பாதையைத் திருத்தி, பிறகு எனேபிள் கொடுக்க வேண்டும்.

அப்படியும் எழவில்லை, பதிவைக் காட்டும் லாக்ரீடிலும் காரணம் இல்லை. சேவைகளைக் கிளப்பிக் கவனிக்கும் ப்ராக்டி, சொல்லாவிட்டால், நிரலின் பிழைச்செய்திகளைப் பதிவுக்கு அனுப்பாது. ஸ்கிரிப்டில் எஸ்டிடிஎர்ர் அளவுருவை 1 ஆக்கியதும் தெரிந்தது: நிரலுக்குத் தேவையான லைப்ரரி (துணைக் கோப்பு) கிடைக்கவில்லை. லைப்ரரி பாதை /எட்சி/ப்ரொஃபைலில் எழுதப்பட்டிருந்தது. அதை லாகின் ஷெல் மட்டுமே படிக்கும். பூட் ஆகும்போது படிக்க யாருமில்லை. கையால் ஓடியதற்கும் இதுவே காரணம். பென்டிரைவின் லைப்ரரி கோப்புறையை ப்ராக்டியின் என்வ் அளவுருவில், எல்டி_லைப்ரரி_பாத் என்ற பெயரில் கொடுத்தால் இது தீரும். இந்த வகைக் கோளாறில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது பென்டிரைவின் தாமதம். மவுண்ட் ஆகும் முன்பே ப்ராக்டி நிரலைக் கிளப்பப் பார்க்கும். நின்ற நிரலை மீண்டும் கிளப்பும் ரெஸ்பான் அளவுருவின் இயல்பு மதிப்புகள் 3600, 5, 5. அதாவது நிரல் 3600 விநாடிக்குள் நின்றால் அதைத் தோல்வியாகக் கணக்கிட்டு, 5 விநாடி இடைவெளியில் 5 முறை மீண்டும் முயன்றுவிட்டு, 'கிராஷ் லூப்' என்று எழுதிக் கைவிட்டுவிடும். 3600, 30, 0 என்று மாற்றினால் 30 விநாடிக்கு ஒரு முறை முயன்றுகொண்டே இருக்கும். கடைசி 0 என்றால் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஸ்கிரிப்டுக்குள் ஸ்லீப் போட்டுக் காத்திருப்பதைவிட இது நல்லது. ஸ்லீப் வரிசையில் பின்னால் நிற்கும் சேவைகளையும் தாமதப்படுத்தும்.

கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் யூஎஸ்பி 'டிஸ்கனெக்ட்' திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கிரிப்டைத் தொட வேண்டாம். உப்புக்காற்றில் இணைப்பு முனை அரித்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள்.

ரீபூட் கட்டளையால் மட்டும் சோதித்தால் போதாது. சில ரவுட்டர்களில் அப்போது யூஎஸ்பிக்கு மின்சாரம் நிற்பதில்லை. சேவையை நிறுத்தி, பென்டிரைவை அன்மவுண்ட் செய்து, பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார்க்க வேண்டும்.