ஒரு டேங்கில் எத்தனை கிலோ அரிசி

கார் பருவ அறுவடை முடிந்து நெல்லைக் களத்தில் காயப்போட்டிருந்த நாளொன்றில், பெட்ரோல் போடுவதற்காக அம்பாசமுத்திரம் வரை போயிருந்தேன். பம்பில் ‘இ20’, அதாவது எத்தனால் என்னும் எரிசாராயம் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று மட்டும், கழுத்தில் நெற்சுணை அரித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. என் வண்டியின் டேங்க் பத்து லிட்டர் கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 லிட்டர், எத்தனால். ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்த 2 லிட்டரும் அரிசியிலிருந்து வந்ததென்று வைத்துக்கொண்டால், டேங்கில் இருப்பது சுமார் நாலரைக் கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஆளுக்கு மாதம் முழுவதற்கும் ஒதுக்கியிருப்பது 5 கிலோ.

எல்லா எத்தனாலும் அரிசியிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரும்புச் சாறு, கரும்புப் பாகுக் கழிவு, மக்காச்சோளம், குருணை எனப் பல வழிகள் உண்டு. எண்ணெய் இறக்குமதிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி உழவனுக்கு வந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல நானும் தயாரில்லை. மிஞ்சுகிற தானியத்தைத்தானே எத்தனாலாக்குகிறோம் என்பதற்குச் சொல்லும் ‘உபரி தானியம்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறெல்லாம். 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கை 2030இலிருந்து முன்னுக்கு இழுத்து 2025-26 என்று 2022இல் திருத்தினார்கள். மறு ஆண்டே விளைச்சல் குறையும் என்ற அச்சம் வந்ததும், சாராய ஆலைகளுக்கு அரசுக் கிடங்கிலிருந்து அரிசி கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் திறந்துவிட்டார்கள். இடையில் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியதில், அதை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும்படி ஆனது. பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் கார் சாகுபடியையே கைவிட்டு அடுத்த பருவமான பிசானத்துக்காகக் காத்திருக்கும் எங்களுக்கு, எந்த நெல்லும் உபரியாகத் தோன்றுவதில்லை.

இதை ஆச்சியிடம் சொன்னபோது, “எய்யா, திங்கிற சோத்தையா வண்டிக்கு ஊத்துதானுவ?” என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் பிறந்தது ராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர். அங்கே விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பதநீர் காய்ச்சுவதற்குக் காவோலையும் பனைமட்டையும் உடைமுள்ளும்தான் விறகு. உடைமரத்தின் நெற்றை ஆடு தின்றுவிடும். எஞ்சிய முள் அடுப்புக்கு வரும். மனிதன், மாடு, மண் ஆகிய மூன்றும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் நெருப்புக்கு என்ற வரிசையை யாரும் அவளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த வரிசையை நான் ஒரு முறை மீறினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், டீசலுக்குப் பதிலாக எரிக்கும் எண்ணெய்க்கென்று காட்டாமணக்கு அலை அடித்ததே, அப்போது நாங்குநேரிப் பக்கம் உள்ள எங்கள் புஞ்சையில் இரண்டு ஏக்கரில் அதை நட்டேன். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்றெல்லாம் சொல்லி நாற்றைக் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் காய்க்கவும் இல்லை. மூன்றாம் ஆண்டு நானும் என் மனைவியும் ஒரு பகல் முழுவதும் குனிந்து பறித்ததில் ஒரு சாக்கின் கால்வாசிகூட நிறையவில்லை, பறித்ததை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்களும் திரும்பி வரவில்லை. ‘தரிசு’ என்று எல்லோரும் சொன்ன அந்த நிலத்தில் அதற்கு முன்னால் காணமும் (கொள்ளு) எள்ளும் விதைத்திருந்தோம். அறுத்த தாளில், மந்தை ஓட்டிவரும் கீதாரியின் ஆடுகள் மேய்ந்து, இரவில் அங்கேயே கிடை போட்டு, மண்ணுக்கு உரம் விட்டுப் போகும். ஆடு கடிக்காத செடி என்பதைப் பெருமையாகச் சொன்னவர்களுக்கும், அதைக் கேட்டுத் தலையாட்டிய எனக்கும், ஆட்டுக்குத் தீனியில்லாத நிலத்துக்குக் கிடையும் வராது என்பது உறைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு வேரோடு பிடுங்கிப் போட்டேன். புண்ணாக்கும் நஞ்சு என்பதால் அதையும் மாட்டுக்கு வைக்க முடியாது.

இப்போது வீட்டில் எரிவது சாண எரிவாயு. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். எங்கள் ஐந்து மாடுகளும் கொடுப்பதை அள்ளிக் கரைத்து ஊற்றினால் இரண்டு வேளைச் சமையல் முடியும். கலனிலிருந்து வெளியேறும் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்; அது வாழைக்குப் போகிறது. சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்புவதில்லை. குறையும் உண்டு: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாயு சுரப்பது மந்தமாகிவிடும், விருந்தாளி வந்தால் சிலிண்டரைத்தான் திறக்கிறோம்.

இதைவிடச் சிக்கலான கேள்வி வைக்கோலைப் பற்றியது. ஹரியானாவின் பானிபட்டில் வைக்கோலிலிருந்தே எத்தனால் வடிக்கும் ஆலையை 2022 ஆகஸ்ட் மாதம் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். அந்தப் பக்கம் வயலிலேயே கொளுத்திப் புகையாக்குகிற தாளுக்கு அது நல்ல வழிதான். அதே ஆலையைத் தாமிரபரணிக் கரையில் வைத்தால் என்ன ஆகும்? இங்கே வைக்கோலைக் கொளுத்துகிறவர் அரிது. இயந்திரம் அறுத்துப் போன மறுநாளே கட்டு கட்டும் இயந்திரம் வயலில் இறங்கும். உருளைகளை வானம் மறைய அடுக்கிக்கொண்டு லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்து மாடுகளுக்குப் போகும். ஆலை ஒன்று போட்டிக்கு வந்து விலை ஏறினால் எனக்குப் பணம் வரும். ஒரே ஒரு மாடு வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றுகிற பக்கத்து வீட்டு அக்காள், அந்த விலைக்கு வைக்கோல் வாங்க முடியாமல் மாட்டை விற்பாள். வைக்கோல் ஒன்றுதான் என்றாலும், அங்கே சரியாக இருப்பது இங்கே சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை.

போன பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் வியாபாரி வந்து முழு வயலுக்கும் விலை பேசினார். எங்கள் மாடுகளுக்கு நாற்பது கட்டும், அக்காளுக்குப் பத்துக் கட்டும் எடுத்துப் படப்பு (வைக்கோல் போர்) போட்ட பிறகே மிச்சத்துக்குக் கையை நீட்டினேன். இப்படிப் பிரித்தால் லாரி நிறையாது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார். அன்று மாலை அவர் லாரிக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் போனது என் வண்டிதான், டேங்க் நிறைய அரிசியோடு.