மெக்கான்கி ஒண்ணே போதாதான்னு கேக்கறவங்களுக்கு

ஸ்டூல் கல்ச்சருக்கு, அதாவது மோஷன்ல நோய்க்கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்டுக்கு, எதுக்கு இத்தனை வகை அகார் ப்ளேட், மெக்கான்கி ப்ளேட் ஒண்ணு போட்டா போதாதான்னு பர்ச்சேஸ் பில்லப் பாத்துட்டு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா மோஷன்ல சாதாரணமாவே ஈ.கோலை பாக்டீரியா எவ்ளோ இருக்கும்னு தெரிஞ்சா கேக்க மாட்டாங்க. மெக்கான்கில அது லாக்டோஸ் சர்க்கரையைத் தின்னு ப்ளேட் முழுக்க பிங்க்கா பரவி நிக்கும், நடுவுல ஒரு ஓரமா நிறமில்லாம நாம தேடற சீதபேதிக் கிருமி ஷிகெல்லா இருக்கும், அதே மாதிரி வெளிறிப்போய் நாம தேடாத ப்ரோடியஸும் சூடோமோனாஸும் உக்காந்திருக்கும், இதுல எதைன்னு தொடறது!

அதுக்குத்தான் எக்ஸ்எல்டின்னு இன்னொரு ப்ளேட். ஈ.கோலை மஞ்சளாயிடும், ஷிகெல்லா அதுல இருக்கற சைலோஸ் சர்க்கரையைத் தொடாததால சிவப்பாவே இருக்கும், நாம தேடற இன்னொரு கிருமி சால்மோனெல்லா சைலோஸைத் தின்னாலும் அப்புறம் லைசின்ங்கற அமினோ அமிலத்தை உடைச்சு திரும்பவும் சிவப்பாகி நடுவுல கறுப்புப் பொட்டு வச்சுக்கும். ஆனா 24 மணி நேரத்துக்குள்ள பாத்துடணும். சனிக்கிழமை போட்ட ப்ளேட்டை திங்கக்கிழமை எடுத்தா மஞ்சளா இருந்ததும் சிவப்புப் பக்கம் திரும்பி நம்மள முட்டாளாக்கும், நான் ஆகியிருக்கேன்.

காலரா சந்தேகம்னா டிசிபிஎஸ்ங்கற ப்ளேட் இல்லாம முடியாது. பச்சை ப்ளேட்ல பளபளன்னு மஞ்சளா 2-4 மில்லிமீட்டர் காலனி, அதாவது கிருமி கூட்டமா வளந்த பொட்டு. சேர்ந்த புதுசுல இந்த மீடியத்தைத் தயார் பண்றப்போ இதையும் பழக்கதோஷத்துல ஆட்டோக்ளேவ்ல (ப்ரெஷர் குக்கர் மாதிரி நீராவில கிருமி கொல்ற மெஷின்) வச்சுட்டேன், அந்த பேட்ச் மொத்தமும் சிங்க்ல போச்சு. கொதிக்க வச்சு ஊத்தினா போதும்டா, டப்பால எழுதியிருக்கே படிக்கலியான்னு சீனியர் அக்கா கிழிச்சாங்க.

ப்ளேட்டை விட பெரிய விஷயம் மோஷனை முன்னாடி போட்டு காலராக் கிருமியைப் பெருக்கற ஆல்கலைன் பெப்டோன் வாட்டர்ங்கற காரத் திரவம். பிஎச் 8.6, ஆறுலேருந்து எட்டு மணி நேரம், அப்புறம் ட்யூபை ஆட்டாம மேல்மட்டத்துலேருந்து மட்டும் லூப் கம்பில எடுக்கணும், ஏன்னா காலராக் கிருமியான விப்ரியோ காத்து தேடி மேல வந்துடும். ஆட்டிட்டு எடுக்கறவங்களப் பாத்தா எனக்குக் கோவம் வரும்.

மஞ்சள் வந்ததும் காலரான்னு ரிப்போர்ட் அடிச்சுடவும் கூடாது, சாதாரண நியூட்ரியன்ட் அகார்ல மாத்திப் போட்டுதான் ஆக்ஸிடேஸ் டெஸ்ட் பாக்கணும், அப்புறம் கிருமி எந்த வகைன்னு ஒட்டவச்சுப் பாக்கற ஆன்டிசீரம். 1992 கடைசில மெட்ராஸ்ல ஓ139ங்கற புது காலரா வகை வந்தப்போ வழக்கமான ஓ1 வகைக்கான ஆன்டிசீரத்துல அது ஒட்டவே இல்ல.

வயித்துப்போக்கு குடுக்கற இன்னொரு கிருமியான கேம்பைலோபேக்டரும் பாக்கலாமேன்னு யாரோ கேட்டாங்க. 42 டிகிரி, கம்மி ஆக்சிஜன், தனி ப்ளேட். எங்ககிட்ட அதுக்கு ஆக்சிஜனைக் குறைச்சு மூடி வைக்கற ஜாரே கிடையாதுங்க, முதல்ல இந்த பில்லு பாஸ் ஆகட்டும்.