பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒரு சீக்குக் கொழுந்து

பதினோரு வருடம் ஆய்வுகூடத்தில் தேயிலையின் கொப்புள நோயோடு இருந்தவன் நான். இப்போது இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சுவர்ச் சித்திரம் வரைகிறேன், தனியாக இல்லை, அந்தந்த லயத்துச் சனங்களோடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களோடு சேர்ந்து. கடைசியாக முடித்தது ஒரு பிள்ளைக் காம்பராவின் வெளிச்சுவர், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். பூ, மயில் என்று எதிர்பார்த்த இடத்தில் நோய் பிடித்த கொழுந்தைக் கோடு போட்டதும், பிள்ளைகள் பார்க்கிற சுவரில் சீக்கையா வரைவது என்று ஒரு தாத்தா நேராகவே கேட்டுவிட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகக் கிளம்பிய பங்கசு, அதாவது பூஞ்சை, தோட்டம் தோட்டமாக அழித்த பிறகுதானே இந்த மலையெல்லாம் தேயிலை ஆனது, கோப்பிக்காக நடந்து வந்த நம் ஆட்கள் கொழுந்துக் கூடை தூக்கினார்கள். 1946இல் வந்த கொப்புள நோயும் பங்கசுதான், மழையும் மூட்டமும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நம் கதையை வரையும்போது இதை எப்படி விடுவது என்றேன். சரி, வரைங்க என்றார்.

நான் வரைந்தது இலையின் அடிப்பக்கம். வெல்வெட் மாதிரி வெள்ளைக் கொப்புளம் அங்கேதான் எழும்பும், வித்திகள் அங்கிருந்துதான் காற்றில் போகும், நுணுக்குக்காட்டியில் நான் பார்த்ததெல்லாம் அதைத்தான். கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, அவ்வளவு முத்துனதுக்கு அப்புறமா பாக்குறது? இப்புடிப் பாருங்க" என்று பக்கத்து மலையில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வானத்துக்கு நேரே பிடித்தார். இளம் இலைக்குள் வெளிச்சம் இறங்கி, அங்கங்கே எண்ணெய்ச் சொட்டு விழுந்தது போல மஞ்சளாகப் பளபளத்தது. நோயின் தொடக்கம். இலையை வெட்டி வெட்டிப் பார்த்த எனக்கு இப்படித் தூக்கிப் பிடிக்கத் தோன்றியதே இல்லை, அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

வரைந்ததை அழித்தோம். முன்பு வேறொரு சுவரில் ஈரம் காயுமுன் பூசி, வைகாசி மழையில் அத்தனையும் உரிந்துபோனது. அதனால் இந்தத் தடவை பாசியைச் சுரண்டி, மாசி வெயிலில் மூன்று வாரம் காயவிட்டுத்தான் தொடங்கினோம். பச்சைக்கு மேல் மஞ்சளை நீர்த்து நீர்த்து ஏழு தடவை பூசினோம்.

"எல தானா வானத்துல நிக்குமா?" என்றார் அக்கா. சித்திரத்தில் இலையைப் பிடிக்கிற கை ஒன்றும் சேர்ந்தது. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள், நகத்தோரம் வெடிப்பு. அதற்கு நான் கலக்கிய கபிலம், அந்தப் பழுப்பு நிறம், அவருக்குப் பிடிக்கவே இல்லை. பெயின்ட் டின் மூடியில் தன் கட்டைவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை கறுப்பு விடச் சொன்னார்.