"வேண்டாம்" அட்டை இருக்கிறதா?

பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளுக்கான பட அட்டைகளில் இட்லி, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் இருக்கும். "வேண்டாம்" பல சமயம் இருக்காது. முதலில் அதைச் செய்யுங்கள். கூடவே "நிறுத்து", "வேற ஏதாவது".

இட்லியா தோசையா என்று இரண்டு அட்டையைக் காட்டியதும் குறைந்தது 10 விநாடி பேசாமல் இருங்கள். நடுவில் திரும்பக் கேட்டால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும். எப்போதும் வலப்பக்க அட்டையையே தொட்டால் அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்; இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். கையைப் பிடித்து அட்டைமேல் வைக்காதீர்கள், ப்ளீஸ். அது உங்கள் பதில்.

"வேண்டாம்" என்று தொட்டதும் தட்டை எடுத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டே வாய்" என்று ஊட்டினால், அட்டையால் பயனில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். பிறகு தட்டைத் தள்ளுவதும் கடிப்பதும்தான் மிச்சமிருக்கும் வழி. மறுக்கவே முடியாத விஷயத்தில் "வேணுமா?" என்று கேட்காதீர்கள். மாத்திரையை சோபாவில் உட்கார்ந்து போடலாமா, மேசையிலா என்று கேளுங்கள்.

வளர்ந்தவர்களுக்குப் பணத்துக்கும் அட்டைகள் வேண்டும். சொத்து வைத்திருக்கவும் பண விவகாரங்களைத் தாமே கவனிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை அவர்களுக்கு உண்டு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு.